சிட்டையில் ஒரு பக்க எண்

கணினி கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு கடிதங்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. நிரலில் ஒன்றோடொன்று தொடர்புடைய ஆப்ஜெக்டுகளை அட்டவணைகளாக மாற்றும்போது, அந்தத் தொடர்பை எந்த அட்டவணையில் எழுதுவது? ஜார்ஜ்டவுனில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலையைச் செய்து வருகிறவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது. மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இவற்றுக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன்.

வாசகர், செந்தூல், கோலாலம்பூர்:

வணக்கம் அம்மா. எங்கள் வட்டாரக் கோவிலின் உபயப் பதிவைக் கணினிக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டேன். ஜாவாவில் 'குடும்பம்' என்று ஒரு கிளாஸ், 'உபயம்' என்று ஒரு கிளாஸ். குடும்பத்துக்குள் உபயங்களின் பட்டியலை வைத்தேன். ஆப்ஜெக்டுகளைத் தரவுத்தளத்தில் எழுதித் தரும் ஹைபர்நேட் என்ற கருவி அதைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே இரண்டையும் இணைக்கும் மூன்றாவது அட்டவணை ஒன்றை உருவாக்கிவிட்டது. உடன் வேலை செய்யும் நண்பரோ, "பட்டியல் குடும்பத்திடம்தானே இருக்கிறது, குடும்ப அட்டவணையிலேயே உபய எண்ணுக்கு ஒரு பத்தி போடு" என்கிறார். எது சரி?

தம்பி, இரண்டும் வேண்டாம். உபய அட்டவணையில் 'குடும்ப எண்' என்று ஒரு பத்தியைச் சேருங்கள். குடும்ப அட்டவணையின் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய தனி எண், அங்கே வந்து உட்காரும். அதுதான் உங்களுக்கு வேண்டிய ஃபாரின் கீ, இன்னொரு அட்டவணையின் வரியைச் சுட்டும் எண். மூன்றாவது அட்டவணையை நீக்கிவிடலாம்.

ஏன் என்று சொல்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு வரியை எடுத்து அதனிடமே கேட்டுப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு எத்தனை உபயம்? தைப்பூசத்துக்கு ஒன்று, நவராத்திரியில் ஒரு நாள், பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஓர் அபிஷேகம். இத்தனைதான் என்று வரையறுக்க முடியாது. ஓர் உபயத்துக்கு எத்தனை குடும்பம்? ஒன்று. 'ஒன்று' என்று பதில் சொல்லும் பக்கத்தில்தான் ஃபாரின் கீ இருக்க வேண்டும். அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பைத்தான் எழுத முடியும். நண்பர் சொல்வதுபோல் குடும்ப அட்டவணையில் உபய எண்ணை எழுதினால், இரண்டாவது உபயம் வந்தவுடன் அந்தக் குடும்பத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் இன்னொரு வரியில் திரும்ப எழுத வேண்டிவரும். அவர்கள் வீடு மாறினால் எத்தனை வரிகளைத் தேடித் திருத்துவீர்கள்?

நண்பர் குழம்பியதற்குக் காரணம் இருக்கிறது. நிரலில் குடும்பம் உபயங்களைக் கையில் வைத்திருக்கிறது; அட்டவணையில் உபயம் குடும்பத்தைச் சுட்டுகிறது. திசை தலைகீழாகிவிடுகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கும் இது பிடிபடவில்லை. பிடிபட்டது ஒரு பழைய கணக்குப் புத்தகத்தைத் திறந்தபோது.

என் அப்பா லெபோ பாசாரில், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் அந்தத் தெருவில், ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அவர் காலமான பிறகு அலமாரியில் இரண்டு புத்தகங்கள் கிடைத்தன. ஒன்று சிட்டை, அன்றாடம் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது. மற்றொன்று பேரேடு, ஆளுக்கு ஒரு பக்கம். இரண்டுக்கும் சிவப்புத் துணி அட்டை, ஓரங்களில் மஞ்சள் தடவிய கறை. சிட்டையின் ஒவ்வொரு வரியிலும் தேதி, விவரம், தொகை. அவற்றுக்கு நடுவே விரல் அகலத்துக்கு ஓர் ஒடுக்கமான பத்தி. அதில் 43, 112, 43, 8 என்று வெறும் எண்கள். கடனுக்குச் சேலை வாங்கியவரின் பேரேட்டுப் பக்கம் அது. 43ஆம் பக்கத்தைப் புரட்டினால் பெயர், தோட்டத்தின் பெயர், கடன் விவரம் எல்லாம் இருந்தன. சிட்டையில் அந்த முகவரியை அப்பா ஒருமுறைகூடத் திரும்ப எழுதவில்லை. எண் ஒன்றே போதுமானதாக இருந்தது.

பேரேட்டுப் பக்கத்திலும் அந்தந்த ஆளின் கொள்முதல்கள் வரிசையாக இருந்தனவே என்று கேட்பீர்கள். இருந்தன. அவை மாலையில் கடை அடைத்த பிறகு சிட்டையிலிருந்து எடுத்து எழுதியவை, ஒருவருடைய கணக்கை ஒரே பார்வையில் கூட்டிச் சொல்வதற்காக. இரண்டும் முரண்பட்டால் அப்பா சிட்டையைத்தான் நம்புவார். பேரேட்டில் அடித்துத் திருத்துவார்.

உங்கள் குடும்பம் கிளாஸுக்குள் இருக்கும் பட்டியல் பேரேடு. உபய வரியில் இருக்கும் குடும்ப எண் சிட்டை. ஹைபர்நேட்டில் பட்டியலின் மேல் 'மேப்டு பை' என்று எழுதுகிறோமே, அதற்கு இதுதான் பொருள்: இந்தப் பட்டியல் எடுத்து எழுதிய பிரதி, மூலம் உபயத்திடம் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் பலர் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். பட்டியலில் புதிய உபயத்தைச் சேர்த்துவிட்டு, உபயத்தின் 'குடும்பம்' புலத்தில் எதையும் வைக்காமல் சேமித்தால், குடும்ப எண் காலியாகவே தரவுத்தளத்துக்குப் போகும். ஹைபர்நேட் சிட்டையைப் பார்த்துத்தான் எழுதுகிறது. பேரேட்டில் மட்டும் செய்த திருத்தத்தைக் கண்டுகொள்ளாது. அதனால் 'உபயம் சேர்' என்று ஒரே ஒரு செயற்கூறு வைத்து, பட்டியலில் சேர்ப்பதையும் குடும்பத்தை நிரப்புவதையும் அதற்குள்ளேயே சேர்த்துச் செய்யுங்கள். குடும்ப எண் பத்தி காலியாக இருக்கக் கூடாது என்று அட்டவணையிலும் கட்டுப்பாடு வையுங்கள். தவறு நடந்தால் அந்த நிமிடமே பிழைச்செய்தி வரும். திருவிழா நாளில் உபயதாரர் பெயர் இல்லாத சீட்டு அச்சாகி வராது.

மூன்றாவது அட்டவணை முளைத்ததன் காரணமும் இதுவே. பட்டியலை மட்டும் வைத்துவிட்டு, உபயத்திலிருந்து குடும்பத்தைச் சுட்டாமல், ஃபாரின் கீ எங்கே என்றும் சொல்லாமல் விட்டால், ஹைபர்நேட் தனியாக ஓர் இணைப்பு அட்டவணையை எடுத்துக்கொள்கிறது. அது பழுதானது என்று சொல்லமாட்டேன். தேவையில்லாத சுமை, அவ்வளவே. பட்டியலின் மேலேயே ஃபாரின் கீயின் பெயரைக் குறித்தால் அந்த அட்டவணை வராது. ஆனால் உபயத்தை முதலில் எழுதிவிட்டு, குடும்ப எண்ணை நிரப்ப இன்னொரு கட்டளையை அனுப்பும். உபயம் குடும்பத்தைச் சுட்டட்டும், பட்டியல் அதைப் பின்பற்றட்டும். என் கையில் வரும் வேலைகளில் இப்படித்தான் செய்கிறேன்.

ஃபாரின் கீ என்ற சொல், 1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் எழுதிய கட்டுரையிலேயே வருகிறது. அதற்கு முன் தரவுத்தளங்களில் ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குப் போக, முன்கூட்டியே போட்டுவைத்த பாதையில்தான் போக வேண்டும். காட் அந்தப் பாதைகளை எடுத்துவிட்டு, வரிகளுக்குள் மதிப்புகளை மட்டும் வைத்தார். மதிப்பு என்றால் எந்தப் பக்கமிருந்தும் தேடலாம். குடும்ப எண் 43 என்று உபய வரியில் இருந்தால், உபயத்திலிருந்து குடும்பத்தையும் கண்டுபிடிக்கலாம். '43 எங்கெல்லாம் இருக்கிறது' என்று கேட்டு அந்தக் குடும்பத்தின் உபயங்கள் அனைத்தையும் எடுக்கலாம். நிரலில் ஒரு ஆப்ஜெக்ட் இன்னொன்றைச் சுட்டினால் அது ஒருவழிப் பாதை. அட்டவணையில் அப்படிக் கிடையாது. எனவே 'எந்தப் பக்கமிருந்து தேடப்போகிறேன்' என்பதை வைத்து ஃபாரின் கீயின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. தேடல் விரைவாக நடக்க அந்தப் பத்திக்கு இண்டெக்ஸ், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் அகரவரிசை போல ஒன்று, வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் இன்னோடிபி பகுதி அதைத் தானே அமைத்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருள் அமைக்காது, நீங்கள்தான் போட வேண்டும்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒரு வேண்டுகோள். நிரலை மேலும் எழுதுவதற்கு முன், அந்தக் கோவிலில் உபயப் புத்தகம் எழுதுகிறவரின் பக்கத்தில் ஒரு மாலை உட்காருங்கள். 'ஓர் உபயத்துக்கு ஒரு குடும்பம்' என்று நாம் இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே நாளை எடுத்து, ஆளுக்கு 300 வெள்ளி போடும் கூட்டு உபயம் அந்தப் புத்தகத்தில் ஒன்றாவது இருக்கலாம். இருந்தால் மேலே சொன்ன பதில் மாறிவிடும். எப்படி என்பது அடுத்த கடிதத்தில் வருகிறது.

வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு:

அக்கா, பிறையில் டியூஷன் நிலையம் நடத்துகிறோம். மாணவர் அட்டவணையில் பாடம் 1, பாடம் 2, பாடம் 3 என்று பத்திகள் வைத்திருக்கிறேன். நான்காவது பாடம் கேட்டு ஒரு மாணவி வந்துவிட்டாள். பத்திகளைக் கூட்டிக்கொண்டே போவதா, அல்லது ஒரே பத்தியில் பாட எண்களைக் காற்புள்ளி போட்டு எழுதிவிடலாமா?

காற்புள்ளி வேண்டாம் அம்மா. நான் அதைச் செய்து, அதன் விளைவைக் கண்ணால் பார்த்தவள்.

தொழிலுக்கு வந்து இரண்டாம் ஆண்டில் ஓர் இசை, நடன வகுப்பு நிலையத்துக்கு மென்பொருள் எழுதினேன். மாணவர் வரியில் 'வகுப்புகள்' என்று ஒரு பத்தி. அதில் 3,7,12 என்று எழுதினேன். வகுப்பு 2 வயலின், வகுப்பு 12 மிருதங்கம். ஒரு சனிக்கிழமை வயலின் ஆசிரியைக்கு உடல்நிலை சரியில்லை. 'வகுப்பு 2 இன்று இல்லை' என்று பெற்றோர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னார்கள். என் நிரல் அந்தப் பத்தியில் '2' என்ற எழுத்தைத் தேடியது. 12இலும் ஒரு 2 இருக்கிறது. மிருதங்கப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் செய்தி போய்விட்டது. பட்டர்வொர்த்திலிருந்து படகேறி வந்த மிருதங்க ஆசிரியர், பாயைத் தட்டி விரித்து, வாத்தியத்தைச் சுருதி சேர்த்து வைத்துவிட்டு, காலி அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அன்றிரவே அந்தப் பத்தியைக் கலைத்துவிட்டு அட்டவணையை மாற்றி எழுதினேன்.

காற்புள்ளி போட்ட எண்களில் தேடல் மட்டும் பிரச்சினை இல்லை. அவை ஃபாரின் கீ ஆகவும் முடியாது. இல்லாத பாடம் 99ஐ அங்கே எழுதினாலும் தரவுத்தளம் தடுக்காது, அதன் கண்ணுக்கு அது வெறும் எழுத்துக்கோவை. பத்திகளைக் கூட்டுவதும் இதே வியாதியின் இன்னொரு வடிவம். 'கணிதம் படிப்பவர்கள் யார்' என்று கேட்க மூன்று பத்திகளிலும் தேட வேண்டும், நாளை நான்கிலும்.

உங்கள் இரண்டு அட்டவணைகளிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். ஒரு மாணவருக்குப் பல பாடங்கள். ஒரு பாடத்துக்குப் பல மாணவர்கள். 'ஒன்று' என்று சொல்லும் பக்கமே இல்லை. ஆகவே ஃபாரின் கீயை இரண்டில் எதிலும் வைக்க முடியாது. மூன்றாவது அட்டவணை வேண்டும். அதில் மாணவர் எண், பாட எண் என்று இரண்டு ஃபாரின் கீகள்.

பலர் இந்த அட்டவணைக்கு 'மாணவர்_பாடம்' என்று இரண்டு பெயர்களையும் ஒட்டிப் பெயர் வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் தொடர்புக்கு உங்கள் நிலையத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும். பெற்றோர் வந்து, "பிள்ளையைக் கணிதத்துக்குப் பதிந்துவிடுங்கள்" என்பார்கள் அல்லவா? அதன் பெயர் 'பதிவு'. அப்படிப் பெயர் வைத்தவுடன் அதற்குச் சொந்தமான விவரங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். பதிந்த தேதி. மாதக் கட்டணம், ஏனென்றால் தை மாதம் சேர்ந்தவருக்கும் ஆடி மாதம் சேர்ந்தவருக்கும் ஒரே பாடத்துக்குக் கட்டணம் வேறாக இருக்கலாம். அண்ணன் தங்கை இருவரும் படித்தால் கொடுக்கும் கழிவு. விலகிய தேதி. இவை மாணவருக்கும் சொந்தமில்லை, பாடத்துக்கும் சொந்தமில்லை. நிரலிலும் இதற்கு ஒரு கிளாஸ் எழுதுங்கள். இரண்டு பட்டியல்களுக்கு நடுவே ஒளித்து வைக்காதீர்கள்.

மாணவர் எண், பாட எண் இரண்டையும் சேர்த்து பிரைமரி கீ ஆக்கலாமா? ஒரு மாணவர் ஒரு பாடத்தில் வாழ்நாளில் ஒருமுறைதான் சேர்வார் என்றால் ஆக்கலாம். விலகிப்போய், எஸ்பிஎம் தேர்வு நெருங்கும்போது திரும்பச் சேரும் பிள்ளைகள் எங்கும் உண்டு. அவர்களுக்காகப் பதிவுக்குத் தனி எண் கொடுங்கள். மாணவர், பாடம், சேர்ந்த தேதி மூன்றும் சேர்ந்து இருமுறை வரக் கூடாது என்று கட்டுப்பாடு வையுங்கள். பாடத்தை நீக்கினால் பதிவுகளும் தானாக நீங்கும்படி ஒருபோதும் அமைக்காதீர்கள். பதிவுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. பதிவுகள் இருக்கும்வரை பாடத்தை நீக்கவிடாமல் தரவுத்தளமே தடுக்கட்டும்.

செந்தூல் தம்பிக்கு: கூட்டு உபயம் இருந்தால் உங்களுக்கும் இதே வழிதான். அட்டவணையின் பெயர் 'உபயப் பங்கு'. குடும்ப எண், உபய எண், அந்தக் குடும்பம் போட்ட தொகை. உபய அட்டவணையில் இருக்கும் குடும்ப எண்ணை அப்போது எடுத்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் வைத்தால் எதை நம்புவது என்ற வழக்கு வரும்.

வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு:

தொழிற்சாலையில் ஊழியருக்கு ஓர் அனுமதி அட்டை, அட்டைக்கு ஓர் ஊழியர். இரண்டு பக்கமும் 'ஒன்று' என்றுதான் சொல்கிறது. ஃபாரின் கீயை எங்கே வைத்தாலும் சரிதானா?

எண்ணிக்கை கைகொடுக்காத இடத்தில் வேறு கேள்வி கேட்க வேண்டும்: எது இல்லாமல் எது இருக்க முடியும்? வேலையில் சேர்ந்த முதல் நாள் ஊழியர் இருக்கிறார், அட்டை இன்னும் வரவில்லை. அட்டைதான் பின்னால் வருகிறது. ஆகவே அட்டையின் வரியில் ஊழியர் எண்ணை வைத்து, அது ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது என்று கட்டுப்பாடு போடுங்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஒருவருக்கு இரண்டு அட்டைகள் ஏறிவிடும். நிரலோ முதலில் கிடைத்த அட்டையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அலமாரியில் இருக்கும் வெற்று அட்டைகளையும் பதிவு செய்கிறீர்கள் என்றால் அந்தப் பத்தி காலியாக இருக்க இடம் கொடுக்க வேண்டும். இங்கே தரவுத்தளங்கள் வேறுபடுகின்றன. போஸ்ட்கிரெஸ் எத்தனை காலி மதிப்புகளையும் ஏற்கும். எஸ்க்யூஎல் சர்வர் ஒன்றை மட்டும் ஏற்று இரண்டாவதைத் திருப்பிவிடும். அங்கே காலியில்லாத வரிகளுக்கு மட்டும் பொருந்தும் வடிகட்டிய இண்டெக்ஸ் போட வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அட்டை தொலைந்து புதிது கொடுத்தால் பழையதன் வரியை அழிப்பீர்களா? தொலைந்த அட்டையை யாராவது கதவில் தட்டினால் அது யாருடையது என்று காவலருக்குத் தெரிய வேண்டாமா? வைத்திருப்பதுதான் நல்லது. அப்போது இது ஒன்றுக்கு ஒன்று கிடையாது. காலப்போக்கில் ஓர் ஊழியருக்குப் பல அட்டைகள். நல்லவேளையாக ஃபாரின் கீ அட்டையிடமே இருப்பதால் எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. 'நடப்பில் இருக்கும் அட்டை ஒன்றுதான்' என்று கட்டுப்பாட்டை மட்டும் தளர்த்தினால் போதும். ஊழியர் வரியில் அட்டை எண்ணை வைத்திருந்தால் இந்த மாற்றத்துக்கு ஒரு வாரம் போயிருக்கும்.

வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு:

குடியிருப்போர் சங்கத்துக்காக எழுதுகிறேன். உறுப்பினர் அட்டவணையில் குடும்ப எண் இருக்கிறது. குடும்ப அட்டவணையில் குடும்பத் தலைவரின் உறுப்பினர் எண் இருக்கிறது. இரண்டும் காலியாக இருக்கக் கூடாது என்று வைத்தேன். இப்போது முதல் குடும்பத்தையே ஏற்ற முடியவில்லை!

குடும்பம் இல்லாமல் தலைவர் ஏற மாட்டார், தலைவர் இல்லாமல் குடும்பம் ஏறாது. போஸ்ட்கிரெஸ் என்றால், பரிவர்த்தனை (முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காத கட்டளைத் தொகுப்பு) முடியும் நேரத்தில் மட்டும் சரிபார்க்கும்படி கட்டுப்பாட்டைத் தள்ளிவைக்கலாம். இரண்டு வரிகளையும் ஒரே பரிவர்த்தனையில் எழுதிவிட வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் அந்த வசதி இல்லை, அது உடனுக்குடன் பார்க்கும்.

எளிய வழி, தலைவர் எண்ணைக் காலியாக விட அனுமதிப்பது. குடும்பத்தை ஏற்றுங்கள், உறுப்பினர்களை ஏற்றுங்கள், பிறகு தலைவரைக் குறியுங்கள். வாழ்க்கையிலும் தலைவர் இறந்து, அடுத்தவரைக் குடும்பம் இன்னும் சொல்லாத நாட்கள் உண்டு. அந்தக் காலியிடம் உண்மையைத்தான் சொல்கிறது.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரரின் எண்ணைத் தலைவராக எழுதினாலும் சாதாரண ஃபாரின் கீ ஏற்றுக்கொள்ளும், அவரும் உறுப்பினர்தானே. அதை அடைக்க, தலைவர் எண்ணை மட்டும் சுட்டாமல், குடும்ப எண், தலைவர் எண் இரண்டையும் சேர்த்து, உறுப்பினர் அட்டவணையின் குடும்ப எண், உறுப்பினர் எண் இரண்டையும் சுட்டும்படி அமையுங்கள். அந்த இரண்டும் சேர்ந்து இருமுறை வரக் கூடாது என்று உறுப்பினர் அட்டவணையில் முதலில் சொல்லிவைக்க வேண்டும். தலைவர் எண் காலியாக இருக்கும்வரை சரிபார்ப்பு நடக்காது. நிரப்பிய நிமிடத்திலிருந்து, தலைவர் அந்தக் குடும்பத்திலேயே இருந்தாக வேண்டும்.

உறுப்பினர் வரியில் 'தலைவரா, ஆம், இல்லை' என்று எழுதும் வழியையும் சிலர் சொல்வார்கள். ஒரு வீட்டில் இரண்டு தலைவர்கள் வந்துவிடாமல் தடுக்க அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். என் விருப்பம் முதலில் சொன்னதுதான்.

வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்:

மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) எண் ஒருவருக்கு ஒன்றுதான். அதையே பிரைமரி கீயாக வைத்து, மற்ற அட்டவணைகளில் ஃபாரின் கீயாகப் பயன்படுத்தினால் வேலை எளிது அல்லவா?

எளிதாகத் தோன்றும், ஐயா. மைகார்டின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு 07, கோலாலம்பூர் 14. அதை ஃபாரின் கீயாக்கினால், ரசீது, வருகைப் பதிவு என்று எண்ணை எழுதும் இடமெல்லாம் அவருடைய பிறந்த நாளையும் சேர்த்து எழுதுகிறீர்கள். அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அது வெளியே போகும்.

தட்டச்சுப் பிழையும் இருக்கிறது. ஓர் இலக்கம் தவறிப் பதிந்து, ஆறு மாதம் கழித்துத் திருத்தினால், அந்த எண்ணைச் சுட்டும் எல்லா அட்டவணைகளிலும் திருத்த வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து பணிபுரியும் குருக்களுக்கும் நாதஸ்வர வித்துவானுக்கும் கடப்பிதழ் எண்தான் உண்டு. அவர்களை எந்த பிரைமரி கீயில் ஏற்றுவீர்கள்? பொருளில்லாத ஓர் எண்ணைத் தரவுத்தளமே கொடுக்கட்டும். மைகார்டு எண் ஒரு பத்தியாக இருக்கட்டும், இருமுறை வராதபடி கட்டுப்பாட்டோடு. அதை எழுத்து வகையில் வையுங்கள். எண் வகையில் வைத்தால், 2005இல் பிறந்த பிள்ளையின் எண்ணுக்கு முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும்.

மாணவர், ஜார்ஜ்டவுன், பினாங்கு:

எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஃபாரின் கீ எழுதியிருக்கிறேன். ஆனாலும் இல்லாத எண்ணைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறதே?

உங்கள் அட்டவணையில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு, தம்பி. எஸ்க்யூலைட் 2009இல் வந்த 3.6.19ஆம் பதிப்பிலிருந்துதான் ஃபாரின் கீயைச் சரிபார்க்கிறது. அப்போதும், பழைய நிரல்கள் உடைந்துபோகாமல் இருக்க, வழக்கமாக அந்தச் சரிபார்ப்பை அணைத்தே வைத்திருக்கிறது. தரவுத்தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் 'பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' என்ற கட்டளையை முதலில் அனுப்புங்கள். ஒருமுறை அனுப்பினால் கோப்பில் தங்காது. அடுத்த இணைப்பு மறுபடியும் அணைந்த நிலையிலேயே தொடங்கும். இதுவரை உள்ளே வந்துவிட்ட தவறான வரிகளைக் கண்டுபிடிக்க 'பிராக்மா ஃபாரின்_கீ_செக்' என்று ஒன்று உண்டு. எந்த அட்டவணையில் எந்த வரி, எந்த அட்டவணையைத் தேடி ஏமாந்தது என்று அது பட்டியல் தரும். அந்தப் பட்டியல் காலியாக வரும்வரை திருத்திவிட்டு, பிறகு புதிய பதிவுகளை ஏற்றுங்கள்.